அரிசி டிரம்முக்குள் இருந்த டிக்கெட்

அந்த டிக்கெட்டுகளை வாங்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் மைதானத்தின் படத்தைப் பார்த்துவிட்டு செயலியை மூடிவிட்டேன். இரண்டாம் நாள் இருக்கை எண் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் பணம் கட்டினேன். கட்டிய பிறகும், வாங்கிவிட்டேனா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பெங்களூரில் நடக்கும் கால்பந்துப் போட்டி அது. எனக்குக் கால்பந்து தெரியாது. என் மகளுக்காகத்தான் வாங்கினேன். அவளுக்கு ஒன்பது வயது. பென்னாகரம் சாலையில் உள்ள அவள் பள்ளியின் பெண்கள் அணிக்கு அவள்தான் கோல்கீப்பர். போன வருடம் மாவட்டத் தேர்வுக்கு ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் அதற்கு மறுநாள். இரண்டில் எதை எழுதுவது என்று எனக்குக் குழப்பம். தவறான தேதியை எழுதி, அதற்காகவே அவளைச் சேர்க்காமல் விட்டுவிட்டால்? திங்கட்கிழமை பள்ளிக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று விண்ணப்பத்தைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று அந்தக் காகிதத்தின் அடியில் அச்சிட்டிருந்தது. அதை நான் படித்தது திங்கட்கிழமை காலையில்.

அவள் அழவில்லை. "பரவால்லம்மா" என்றாள். அதற்குப் பிறகு பள்ளியிலிருந்து எந்தக் காகிதம் கொடுத்தாலும் அவள் என்னிடம் காட்டவில்லை. என் கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். அந்த ஞாயிறு வரும்வரை காகிதத்தைப் பைக்குள்ளேயே வைத்திருந்து அவரிடம் கையெழுத்து வாங்கினாள். நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். ரேஷன், கேஸ், வங்கி என்று எங்கள் வீட்டின் எல்லாப் படிவத்தையும் நான்தான் நிரப்புகிறேன். என் மகளின் படிவம் மட்டும் என் கைக்கு வருவதில்லை. அதைப் பற்றி அவளிடம் நான் கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய கணக்கு நோட்டின் பின்னட்டைக்குள் செய்தித்தாளில் வெட்டிய ஒரு படம் இருந்தது. ஒரு கோல்கீப்பர் காற்றில் படுத்த மாதிரி பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அணி பெங்களூரில் விளையாட வருகிறது என்று தெரிந்த அன்று, இவளை அழைத்துப்போய்க் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் அவளிடம் சொல்லியும்விட்டேன். அதுதான் முதல் தவறோ என்று அடுத்த நிமிடமே தோன்றியது. அவள் "நிஜமாவா?" என்று ஒரு முறைதான் கேட்டாள். அதன் பிறகு டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

செயலியில் மைதானத்தின் படம் வெட்டி வைத்த தர்பூசணி மாதிரி துண்டு துண்டாக இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம். கோல்கீப்பரைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்பது எனக்கே புரிந்தது. ஆனால் கோல் கம்பம் இரண்டு பக்கமும் இருக்கிறதே. அவர் எந்தப் பக்கம் நிற்பார்? கணவருக்கு ஃபோன் செய்து கேட்டேன்.

"டிவில பாத்தா இடது பக்கம் நிப்பாருன்னு நெனைக்கிறேன்" என்றார்.

"கேமரா எந்தப் பக்கம் இருக்கும்?"

"நான் ஷிஃப்ட்ல இருக்கேன்மா. கேமராமேனுக்கா ஃபோன் பண்ண முடியும்?"

பழைய ஆட்டங்களின் துண்டுக் காட்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலவற்றில் இடது பக்கம் நின்றார், சிலவற்றில் வலது பக்கம். ஒரே ஆட்டத்திலேயே இரண்டு பக்கமும் நின்ற மாதிரி இருந்தது. படத்தைத் திருப்பிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்ததாக அரை டிக்கெட் பற்றிய சந்தேகம் வந்தது. தர்மபுரி பஸ்ஸில் என் மகளுக்கு அரை டிக்கெட்தான். செயலியில் அதை எங்கே தேடியும் காணோம். சொல்லாமல் முழு டிக்கெட் வாங்கினால் சிறுமி என்று வாசலில் திருப்பி அனுப்புவார்களோ என்று ஒரு பயம். கடைசியில் இடது பக்கத் துண்டில் மூன்று முழு டிக்கெட்டுகளை எடுத்தேன்.

செயலியில் பதிவு செய்ய ஒரு தொலைபேசி எண் கேட்டது. நான் யோசிக்காமல் போட்டது எங்கள் வீட்டு எண்ணை. என்னிடமும் ஒரு எண் இருக்கிறது, ரீசார்ஜ் திட்டத்துக்காக நானே அதை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். வீட்டு எண் அப்படி இல்லை. கேஸுக்கு, ரேஷனுக்கு, வங்கிக்கு, பள்ளிக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். அது என் மாமியாரின் பட்டன் ஃபோனில் இருக்கிறது. அவர் எப்போதும் வீட்டில் இருப்பவர், எங்கேயும் தொலைக்காதவர். முக்கியமான விஷயத்துக்கு முக்கியமான எண்ணைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ரகசிய எண் வந்ததும் அத்தை மாட்டுக்கொட்டகையிலிருந்து சத்தமாகப் படித்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, ஆனால் எண்களில் புலி. இருபது வருடமாகப் பால் சொசைட்டியில் கொழுப்பு இத்தனை புள்ளி இத்தனை என்று எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பார்த்துப் பழகியவர்.

"நாலு புள்ளி ஒண்ணு, எட்டு புள்ளி ரெண்டு, அஞ்சு புள்ளி ஏழு."

புள்ளியை எங்கே போடுவது என்று தேடினேன். செயலி புள்ளியை வாங்கிக்கொள்ளவே இல்லை. "புள்ளி எங்க அத்தை இருக்குது?" என்று கேட்டேன்.

"புள்ளியெல்லாம் இல்ல கண்ணு. படிக்க வாட்டமா இருக்குதுன்னு சொன்னேன்."

அதற்குள் நேரம் முடிந்து, இன்னொரு எண் வரவழைக்க வேண்டியிருந்தது.

டிக்கெட் வாங்கியதற்கு அடையாளமாகத் திரையில் ஒரு பச்சை டிக் குறியும் மூன்று இருக்கை எண்களும் வந்தன. ஸ்கேன் செய்யும் கட்டம் மட்டும் இல்லை. ஆட்டத்தன்று மூன்று மணி நேரத்துக்கு முன்புதான் அது செயலிக்குள் தெரியும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. இப்போது இல்லாத ஒன்று அன்றைக்கு எப்படி வரும்? எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பச்சை டிக் பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் கலரில் அச்செடுத்து லேமினேஷன் போட்டு வந்தேன். அத்தை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வரும் எந்தப் பத்திரமும், பத்திரிகையும் அப்படித்தான் வைக்கப்படும். லேமினேஷன் மேல் மஞ்சள் நிற்காமல் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி தடவினார்.

ஆட்டம் மாலை ஐந்து மணிக்கு. மகளும் நானும் காலை பத்தரைக்கே கிளம்பினோம். ஓசூர் பேருந்து நிலையத்தில் கணவர் எங்களோடு ஏறிக்கொண்டார். தர்மபுரி தாண்டியதிலிருந்து நான் செயலியைத் திறந்து டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கிருஷ்ணகிரியில் இருந்தது. சூளகிரியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு இருந்தது. இரண்டு மணிக்குச் சொன்னபடியே அந்தக் கட்டம் வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே மாறிக்கொண்டிருந்தது. மாறினால் பழையது செல்லுமா, புதியது செல்லுமா? படம் பிடித்து வைக்கலாம் என்று பார்த்தால், படம் பிடித்தது செல்லாது என்று எழுதியிருந்தது. அது மாறுவதை நிறுத்திவிடுமோ என்று பார்த்தேன். மாறிக்கொண்டே இருக்கிறதே என்றும் பார்த்தேன். மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என் கையையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்து வாசலில் நாங்கள் வரிசையில் நின்றபோது மணி நாலே முக்கால். எங்களுக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். என் ஃபோனின் திரை ஒரு முறை மங்கி, அணைந்தது. காலையிலிருந்து பார்த்துப் பார்த்தே அதன் பேட்டரியை நான் தீர்த்திருந்தேன்.

கணவரிடம் கம்பெனி கொடுத்ததும் சேர்த்து இரண்டு ஃபோன் உண்டு. பதற்றமே இல்லாமல் தன்னுடையதை எடுத்தார். செயலியை இறக்கி, வீட்டு எண்ணைப் போட்டால் போதும், டிக்கெட் இதிலும் தெரியும் என்றார். எண்ணைப் போட்டோம். ரகசிய எண் அனுப்பப்பட்டது என்று வந்தது. அது போய்ச் சேர்ந்த இடம் எங்கள் வீடு.

அப்போதுதான் எனக்கு நேரம் உறைத்தது. நாலரையிலிருந்து அத்தை பால் கறக்கும் நேரம். ஒரு தடவை கறக்கும்போது ஃபோன் அடித்ததில் சினைப்பசு மிரண்டு உதைத்து, குண்டானோடு பால் மண்ணில் கொட்டிவிட்டது. அன்றிலிருந்து கறக்கப் போகும்போது ஃபோனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் போவார். சத்தம் கொட்டகைக்குக் கேட்காது. கறந்து முடித்து, கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போய் ஊற்றிவிட்டு வந்த பிறகுதான் டிரம்மைத் திறப்பார். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் வாங்கியபோது எனக்கும் தெரிந்திருந்தது. ஆட்டம் எத்தனை மணிக்கு, பால் எத்தனை மணிக்கு என்று இரண்டையும் ஒரே நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

கூப்பிட்டேன். கணவரின் இன்னொரு ஃபோனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் டிக்கெட் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, பொன்னி அரிசிக்குள் அடித்துக்கொண்டிருந்தது. ரகசிய எண்ணின் நேரம் முடிந்தது. மீண்டும் அனுப்பு என்பதை அழுத்தினேன். மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் அழுத்தினேன். அழுத்தாமல் இருந்தால், அத்தை எடுக்கும் நேரத்தில் எண் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். அழுத்தினால் பழையது வீணாகுமே என்று இன்னொரு பயம்.

வாசலில் ஸ்கேன் செய்துகொண்டிருந்த பெண்ணிடம் பையிலிருந்து லேமினேஷன் அட்டையை எடுத்து நீட்டினேன். அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். மூலையில் இருந்த மஞ்சள் அவள் விரலில் ஒட்டியது.

"இது ஆகல்லா மேடம். கோட் பேக்கு." இது செல்லாது, கோட் வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னாள்.

கணவர் ஓசூர்க் கன்னடத்தில் அவளிடம் விளக்கினார். வீட்டில் அம்மா, பசு, பால், டிரம் என்று அவர் சொல்லச் சொல்ல அவளுடைய முகம் மாறியது. பக்கத்தில் இருந்த காவலரைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். ஆனால் விடவில்லை. அவள் எங்களை ஓரமாக நிற்கச் சொல்லி, எண் வந்ததும் வரிசையில் நிற்காமல் நேராகத் தன்னிடம் வரச் சொன்னாள்.

"வூட்டுக்குள்ள போக ஒரு சாவி போதும். இதுக்குள்ள போக மாடு மனசு வெக்கணும் போல" என்றார் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்து மணிக்கு உள்ளே பெரும் சத்தம் எழுந்தது. மகள் சுவரைப் பார்த்து நின்றாள். சுவருக்கு மேல் விளக்குக் கம்பங்கள் மட்டும் தெரிந்தன. சத்தம் ஏறும்போது அவள் குதிகால்கள் தரையிலிருந்து எழும்பின. சத்தம் இறங்கும்போது அவையும் இறங்கின. நான் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என்ன சொன்னாலும் அவள் "பரவால்லம்மா" என்று சொல்லிவிடுவாள் என்று பயந்து எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மறுபடியும் பொத்தானை அழுத்தினேன். ஆறாவது தடவையில், அதிக முறை முயன்றுவிட்டீர்கள், சிறிது நேரம் கழித்து வாருங்கள் என்று செயலி சொல்லிவிட்டது. சிறிது நேரம் என்றால் எவ்வளவு என்று அது சொல்லவில்லை.

ஐந்தே முக்காலுக்கு அத்தையே கூப்பிட்டார்.

"பாப்பாவுக்கு என்னாச்சு?"

பதினேழு முறை கூப்பிட்டிருக்கிறோம். அவர் வேறு என்ன நினைத்திருக்க முடியும்? பாப்பா நன்றாக இருக்கிறாள் என்று கணவர் சொன்ன பிறகும் நம்பாமல், அவளைப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மூச்சுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் திட்ட ஆரம்பித்தார். பந்து பார்க்கப் போனவர்கள் பந்தைப் பார்க்காமல் ஃபோனையா பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அப்புறம், ஆறு எண் வந்திருக்கிறது, எது வேண்டும் என்றார். எனக்கு எது என்று தெரியவில்லை. ஆறையும் படிக்கச் சொன்னேன். அவர் புள்ளி வைத்துப் படித்தார். நான் சீட்டில் எழுதினேன். முதலில் படித்தது முதலில் வந்ததா, கடைசியில் வந்ததா என்று கேட்டேன். "மேல இருக்கறது மொதல்ல" என்றார். மேலே இருப்பது பழையதா புதியதா என்பதை அவரும் அறியார், நானும் அறியேன். எதைப் போட்டாலும் தவறு என்று வந்தது. எல்லாமே காலம் கடந்தவை.

பொத்தானை மறுபடி அழுத்தப் போனேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

"நீ அமுக்காதம்மா. அப்பா ஃபோனை எங்கிட்டக் குடு."

கொடுத்தேன். அவள் திரையைத் தொடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். செயலியின் கோபம் தணியும்வரை நின்றாள். எனக்குத்தான் விரல் துடித்தது. பிறகு ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு, கணவரின் இன்னொரு ஃபோனில் காத்திருந்த பாட்டியிடம் பேசினாள்.

"ஆயா, இப்ப புதுசா ஒண்ணு வரும். டிங்குன்னு சத்தம் வந்தப்பறம் அத மட்டும் படி. பழசப் பாக்காத. புள்ளி சொல்லாத."

"புள்ளி சொல்லாம எப்புடிடி படிக்கறது?"

"ஒவ்வொண்ணாப் படி ஆயா."

அந்தப் பக்கம் டிங் என்று அடித்தது எங்களுக்கே கேட்டது. அத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். ஆறு எண்கள். கட்டம் திறந்தது. வாசலில் இருந்த பெண் எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டி அழைத்து, மூன்று முறை பீப் என்று அடித்து உள்ளே விட்டாள். சிறுமிக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று யாரும் கேட்கவில்லை.

நாங்கள் படியேறி இருக்கையைக் கண்டுபிடித்தபோது மைதானத்தில் யாருமே இல்லை. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இடைவேளை என்று கணவர் சொன்னார். பாதிதான் போயிருக்கிறது. போன பாதியில் எங்கள் எதிரில் இருந்த கோலில் யார் நின்றது என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்ன அடையாளம் வேறு ஆளுடையது. மகளின் கோல்கீப்பர் அந்தக் கடைசியில், எறும்பு அளவில் தெரியும் தூரத்தில் நின்றிருக்கிறார். ஆக, பக்கமும் தவறு. மூன்று நாள் யோசித்து, தவறான துண்டை எடுத்திருக்கிறேன்.

ஆட்டக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒருவர், கையுறையைத் தட்டிக்கொண்டு, அந்தக் கடைசிக்குப் போகாமல் நேராக எங்களை நோக்கி ஓடிவந்தார். வந்தவர் எங்களுக்கு எதிரே இருந்த கம்பத்தைக் காலால் தொட்டுவிட்டுத் திரும்பி நின்றார். மகள் எழுந்து நின்றுவிட்டாள். அந்த நோட்டில் இருந்த படம்தான் அவர்.

அவர் ஏன் இங்கே வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. வேறு யாராவது அவரைத் திருப்பி அழைத்துக்கொள்வார்களோ என்று பயந்தேன். அவர் அங்கேயே இருந்தார். அவர் மற்றவர்களைப் பார்த்துக் கத்துவது கேட்டது. ஒரு பந்தை அவர் பாய்ந்து பிடித்தபோது கையுறையில் பந்து அடித்த சத்தம்கூடக் கேட்டது. என் கை அப்போதும் கணவரின் ஃபோனில்தான் இருந்தது. மறுபடியும் யாராவது டிக்கெட் கேட்டால் காட்டுவதற்கு அந்தக் கட்டம் அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் அதை என் கையிலிருந்து எடுத்து, பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"உள்ள வந்துட்டோம்மா. இனிமே கேக்க மாட்டாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"செகண்ட் ஹாஃப்ல இந்தப் பக்கம் வருவாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியும் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். "தெரியாது. பாதில பக்கம் மாறுவாங்கன்னே எனக்குத் தெரியாது" என்றேன். அந்த மூன்று நாள் குழப்பத்தையும், கேமரா எந்தப் பக்கம் என்று கேட்டதையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

"சீட்டு எங்கன்னு உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"அந்த ஃபாரத்துக்கும் நீ எங்கிட்டக் கேக்கல. பர்த் சர்ட்டிஃபிகேட்ல இருக்கறத எழுதச் சொல்லி டீச்சர் அன்னிக்கே கிளாஸ்ல சொன்னாங்க. நீ பீரோவுல வெச்சுட்ட."

அந்த விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வருடத்தில் அவள் பேசியது அதுதான் முதல் முறை. எதிரணி ஓடிவந்துகொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளையும் விரித்து, முழங்காலை லேசாக மடக்கி, அந்தப் பச்சைச் சட்டைக்காரர் நின்ற மாதிரியே நின்றாள். பந்து அவரைத் தாண்டி வலைக்குள் போனது. அவர் எழுந்து, தானே பந்தை எடுத்து நடு மைதானத்துக்கு உதைத்தார். மகள் உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் ஃபாரம் அடுத்த மாசம் குடுப்பாங்க" என்றாள். "உங்கிட்டதான் குடுப்பேன். ஆனா நான் பக்கத்துல உக்காந்துக்குவேன்."

சரி என்றேன். அதில் தொலைபேசி எண் கேட்டிருக்கும் இடத்தில் எந்த எண்ணை எழுதுவது என்று அப்போதே எனக்கு யோசனை ஓடத் தொடங்கியது. அதையும் அவளிடமே கேட்டேன்.